தலை வெட்டினால் மூன்றெழுத்து

பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குப் போகும் சாலையில், ஊர் முடிந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு லாரி எடைமேடை இருக்கிறது. அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. அந்த அறையின் ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் நஞ்சப்பன். பக்கத்துத் தக்காளி மண்டிக்கு வரும் வண்டியோ கரும்பு டிராக்டரோ மேடைமேல் ஏறி நிற்கும். திரையில் விழும் எடையைப் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பிரிண்டர் பழுதாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. முதலாளி சரி செய்யவில்லை, இவரும் கேட்கவில்லை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

அவர் பயந்த சுபாவம். பஸ்ஸில் கண்டக்டர் உரக்கப் பேசினால்கூட மீதிச் சில்லறை கேட்காமல் இறங்கிவிடுவார். எந்த ஆபீசுக்குப் போனாலும் வாசலில் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார். காக்கி உடுப்பைக் கண்டால், தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதை மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார். அவர் மனைவி காசியம்மாள் நேர் எதிர். சொந்த ஊரான மல்லேனஅள்ளியில் தங்கள் ஒன்றரை ஏக்கரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், கரண்ட் ஆபீசில் சண்டை போட வேண்டுமென்றாலும் அவள்தான் போவாள்.

பயமே இல்லாமல் நஞ்சப்பன் நடமாடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது குறுக்கெழுத்துப் புதிர்.

ஊரடங்கில் வண்டிகள் ஓடாமல் எடைமேடை காற்று வாங்கிக் கிடந்தபோது, யாரோ அனுப்பிய ஒரு வரி அவர் போனுக்கு வந்தது. ‘கரும்பின் தலை மாறினால் மொட்டு (4)’. நாலெழுத்தில் விடை வேண்டும். கரும்பையே வருடக்கணக்காக எடை போட்டவருக்கு இது மண்டைக்குள் புகுந்துகொண்டது. கரும்பு நட்டதையும் வெட்டியதையும் யோசித்து இரண்டு நாள் திண்டாடினார். மூன்றாம் நாள் குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: தலை என்றால் முதல் எழுத்து. கரும்பில் ‘க’வை எடுத்துவிட்டு ‘அ’வைப் போட்டால் அரும்பு. மொட்டுதான். ஈரத் துண்டோடு வெளியே வந்து தனியாகச் சிரித்தவரைக் காசியம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அப்படித்தான் அந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். கோயம்புத்தூரில் வங்கி வேலை பார்க்கும் ஐஸ்வர்யா என்பவர் நடத்தும் குழு. தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு குறிப்பு வரும். மேலோட்டமாகப் படித்தால் வேறு எதையோ சொல்லும் வாக்கியம். அதிலேயே ஒரு பாதி விடையின் பொருள், இன்னொரு பாதி அதன் எழுத்துகளைச் சேர்க்கும் வழி. எது எந்தப் பாதி என்று பிரித்துக் காட்டமாட்டார்கள். நல்ல குறிப்பு என்றால் பொய்யாக ஒரு சொல்கூட இருக்காது. ஆனாலும் நம்மை முழுசாக ஏமாற்றியிருக்கும். விடை தெரிந்த பிறகு திரும்பப் படிக்கும்போதுதான் ருசி. நஞ்சப்பன் சில குறிப்புகளை விடை கண்டுபிடித்த பின் நாலைந்து நாள் வரைக்கும் வாய்க்குள் வைத்திருப்பார்.

பிறகு தானே எழுத ஆரம்பித்தார். ‘மண்டியில் கூடை கூடையாய் இறங்கும் பழத்துக்குள் ஒரு தெய்வம் (2)’ என்று முதல் குறிப்பை அனுப்பினார். தக்காளிக்குள் காளி. நூற்றுநாற்பது பேர் இருந்த குழுவில் அன்றைக்குக் கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. போன மார்கழியில் ஐஸ்வர்யா கூப்பிட்டுச் சொன்னார்: “சார், ஒரு முழுக் கட்டமே நீங்க செஞ்சு குடுங்க. இருபத்தெட்டு குறிப்பு. பொங்கலுக்குப் போடலாம்.” அதற்காக நஞ்சப்பன் நீல அட்டை நோட்டு ஒன்று வாங்கினார். நோட்டைப் பற்றி மண்டியில் யாருக்கும் தெரியாது. கேலி செய்வார்களே என்ற பயம்.

எடைமேடைக்கு எதிரே சாலையின் அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. நடத்தியவள் வசந்தி, முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். அவள் புருஷன் முருகேஷ் தக்காளி ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன். ஒருநாள் மதியம் ஒரு டிரைவர், “வசந்தி, ரெண்டு டீ” என்று சத்தம் போட்டான். அந்தப் பேர் நஞ்சப்பன் காதில் விழுந்தபோதே இரண்டாக உடைந்தது. வ, சந்தி. அட என்று நோட்டை எடுத்தார். ‘வசந்தியின் தலை போனால் தெருக்கள் கூடுமிடம் (3)’ என்று எழுதினார். திருப்தியாக இல்லை, அடித்தார். அதன் கீழே, ‘தலையை இழந்த வசந்தி தெருக்கள் கூடுமிடத்தில்’ என்று எழுதி அதையும் அடித்தார். மூன்றாவதாக, ‘வசந்தியின் தலையை வெட்டினால் தெருக்கள் கூடுமிடம் தெரியும் (3)’ என்று எழுதி, இதுதான் என்று பக்கத்தில் ஒரு சரி போட்டார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கப் போனபோது கடையில் வேறு யாருமில்லை. வசந்தி டம்ளரை நீட்டும்போது முழங்கைக்கு மேலே பெரிதாக ஒரு சூட்டுக் காயம் தெரிந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“ண்ணா, ஓசூர் பஸ்சு காலையில மொதல்ல எத்தன மணிக்குங்க?”

“அஞ்சேகாலுக்கு ஒண்ணு இருக்குதும்மா. யாரு போறாங்க?”

“சும்மாதாங்க கேட்டேன்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்கவும் அவருக்குப் பயம்தான்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது டீக்கடை பூட்டியிருந்தது. பத்து மணிக்குள் செய்தி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வசந்தியைக் காணவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முருகேஷ் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். ஏரியிலும் கிணறுகளிலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“ஏரியில எதுக்குப் பாக்கறாங்க?” என்று நஞ்சப்பன் கேட்டார்.

“என்னங்க பண்றது. இப்பல்லாம் என்ன வேணா நடக்குது” என்றான் கரும்பு டிராக்டர்க்காரன். “தலய வெட்டிப் போட்டுட்டுப் போறானுங்க.”

நஞ்சப்பன் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

அடுத்த வண்டி மேடையில் ஏறி ஹாரன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து பையைத் திறந்தார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு. நோட்டு இல்லை. மேஜை இழுப்பறையைக் கொட்டிப் பார்த்தார். சீட்டுக் கட்டுகளுக்கு அடியில் பார்த்தார். எடை போட்டுக்கொண்டே மனதுக்குள் சனிக்கிழமையை ஒவ்வொரு மணி நேரமாகத் திரும்ப நடந்து பார்த்தார். டீ குடிக்கப் போகும்போது நோட்டு கக்கத்தில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபோது பக்கத்தில் வைத்தார். ஓசூர் பஸ் பேச்சு வந்தது. ஒரு லாரி ஹாரன் அடிக்கவே ஓடி வந்தார். ஓடி வரும்போது கக்கத்தில் ஒன்றும் இல்லை.

நோட்டு அந்தப் பூட்டிய கடைக்குள் இருந்தது.

அதில் இருப்பது அந்த ஒரு வரி மட்டுமல்ல என்பது அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ‘காவேரியின் நடுவை அறுத்து எடுத்தால் ஒரு வள்ளல் (2)’ என்று ஒரு பக்கத்தில் இருந்தது. காவேரியில் ‘வே’ போனால் காரி. ‘மரணத்தின் தலை போனால் மிஞ்சுவது புண் (3)’ என்று இன்னொன்று, ரணம். கடைசிப் பக்கத்தில் தன் வசதிக்காக ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதைத் தன் கையெழுத்திலேயே கண்முன் பார்த்தார். ‘தலை வெட்ட: வசந்தி, மரணம். நடு அறுக்க: காவேரி. திருப்பிப் போட: மாலா.’

அன்று மதியம் டப்பாவைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் காசியம்மாள், “என்னாச்சு, மூஞ்சி ஏன் இப்பிடி கெடக்குது?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவளுக்குப் புதிரும் தெரியாது, குறிப்பும் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“ஒரு பொம்பள பேர எழுதி, தலைய வெட்டுன்னு எதுக்குங்க எழுதுனீங்க?”

“அது எழுத்த வெட்டறது. ஆளயில்ல.”

“உங்களுக்குத் தெரியும். எனக்கே இப்பதான் தெரியும். ஊருக்கு எப்பிடித் தெரியும்?” சிறிது யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நாளைக்கிக் காலையில நானும் வரேன். ஸ்டேசனுக்குப் போயி, இந்த மாதிரி ஒரு நோட்டு இருக்குதுங்க, என்னுதுதாங்கன்னு நாமளே சொல்லிப்புடலாம். அந்தப் புள்ள பஸ்சு கேட்டதயும் சொல்லிடுங்க.”

அவள் சொன்னதுதான் சரி. அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் ஸ்டேஷன் வாசல் என்று நினைத்ததுமே மனம் சாக்குத் தேட ஆரம்பித்தது. ஒருவேளை கடையைத் திறக்காமலே இருந்தால்? ஒருவேளை அவளே நாளைக்குத் திரும்பி வந்துவிட்டால்? “ஒரு நாள் பாக்கலாம்” என்றார். அந்த ஒரு நாளில்தான் எல்லாம் கெட்டுப்போனது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் எதிர்ப்பக்கம் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். முருகேஷும் அவன் சொந்தக்காரர்கள் மூன்று பேரும் கடைக்குள் போனார்கள். கொஞ்ச நேரம் உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அந்த அமைதியைத்தான் பின்னாளில் நஞ்சப்பனால் மறக்கவே முடியவில்லை. சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கடைக்குள்ளிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. யாரோ உள்ளே நின்று படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே வந்த முருகேஷ் கையில் நீல நோட்டு இருந்தது. நான்கு பேரும் சாலையைக் கடந்து நேராக எடைமேடைக்கு வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அதில் நோட்டில் எழுதியவர் யார் என்று வந்த நான்கு பேருக்கும் தெரியாது, விசாரிக்கத்தான் வந்திருந்தார்கள். முருகேஷ் கண்ணெல்லாம் சிவந்து, இரண்டு நாளாகத் தூங்காதவனாக இருந்தான்.

“ண்ணா, இந்த நோட்டு யாருதுன்னு தெரியுங்களா?”

ஆமாம் என்று சொல்ல வேண்டிய நேரம் அது. நஞ்சப்பன் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

“தெரியலீங்களே.”

“நல்லா பாருங்க.”

“நான் பாத்ததே இல்லீங்க.”

முருகேஷ் நகரவில்லை. ஜன்னல் பலகைமேல், பாதி எழுதிய எடைச் சீட்டு ஒன்று கிடந்தது. அவன் கண் அதன்மேல் விழுந்தது. சீட்டை எடுத்தான். நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் ஒரே மாதிரி வளைந்த ‘த’, ஒரே மாதிரி நீண்ட கொம்பு. அதே கையால் எழுதின எடைச் சீட்டுகளை இரண்டு வருடமாக வாங்கிக்கொண்டு போகிறவன் அவன்.

“இது நீ எழுதுனது.”

முருகேஷ் படித்தான். படிப்பு அவ்வளவாக வராதவன். ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தான். “வசந்தியின்... தலையை... வெட்டினால்...” மூன்று விதமாக எழுதி இரண்டை அடித்திருந்ததையும் விரலால் காட்டினான். “மூணு தடவ யோசிச்சிருக்கறான் பாருங்கடா.”

அறையின் கதவு எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. சட்டைக் காலர் அவன் பிடியில் இருந்தது. கண்ணாடி கீழே விழுந்தது. “எங்கடா அவ? எந்த ரோட்டுல போட்ட? சொல்லு, எந்த ரோட்டுல?” சத்தம் கேட்டு மண்டி ஆட்கள் கூடிவிட்டார்கள். பல வருடம் முகம் பார்த்துச் சிரித்தவர்கள்தான். ஒருவர் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை.

அப்போது ஒரு வாக்கியம் அவர் நாக்கு நுனிவரை வந்தது. ஓசூர் பஸ்ஸைக் கேட்டாள், அஞ்சேகால் பஸ்ஸில் போயிருப்பாள் என்பதுதான் அது. சொன்னால் பிடி தளர்ந்துவிடும். ஆனால் தன் காலரைப் பிடித்திருந்த கையைப் பார்த்ததும் வசந்தியின் முழங்கைக்கு மேலே இருந்த அந்தக் காயம் ஞாபகம் வந்தது. அவள் யாருக்குப் பயந்து போனாளோ அவனிடமே வழியைச் சொல்வதா? நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வாயையும் மூடிக்கொண்டார். அதற்காகக் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

யாரோ போலீசுக்குப் போன் செய்திருந்தார்கள். ஜீப் வந்தது. வாழ்நாளெல்லாம் எதைப் பார்த்துப் பயந்தாரோ அதில் ஏறி உட்கார்ந்தபோது, அந்தக் கூட்டத்திலிருந்து தப்பினோம் என்று அவருக்குத் தோன்றியது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஜெயபிரியா என்று மேஜைமேல் பெயர்ப் பலகை இருந்தது. நாற்பது வயதுக்குள் இருக்கும். முருகேஷையும் மற்றவர்களையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அவசரமே படவில்லை. நஞ்சப்பன் நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருங்க. இது உங்க எழுத்தா?”

“ஆமாங்க மேடம்.”

“அவருகிட்ட இல்லைன்னு சொன்னீங்களாம்.”

“பயந்துட்டேங்க.”

“தப்பு செய்யாதவங்க எதுக்குப் பயப்படணும்?”

தப்பு செய்யாமலே ஐம்பத்திரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருப்பதை எப்படி விளக்குவது?

“இந்தக் காவேரி யாரு?”

“ஆறுங்க மேடம். காவேரி ஆறு. நடு எழுத்த எடுத்தா காரின்னு வரும். கடையேழு வள்ளல்ல ஒருத்தரு.”

“மாலா?”

“யாருமில்லீங்க. திருப்பிப் போட்டா லாமா. திபெத்துல சாமியாருங்க இருக்காங்களே, அவங்க.”

ஓரத்தில் நின்றிருந்த ஏட்டு தலையைத் தூக்கிப் பார்த்தார். நஞ்சப்பனுக்கே தான் பேசுவது பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது. வசந்தியில் ‘வ’ போனால் சந்தி என்று சொன்னார். குறிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்றார். தலை என்றால் தலையல்ல, வெட்டு என்றால் வெட்டல்ல என்றார். வாயிலிருந்து வர வர ஒவ்வொன்றும் இன்னும் மோசமாக இருந்தது. குழுவைக் காட்டலாமென்று போனைத் தேடினார். இழுபறியில் அது எங்கோ விழுந்துவிட்டிருந்தது. ஐஸ்வர்யாவின் நம்பர் மனப்பாடமில்லை.

ஜெயபிரியா நோட்டை மூடினார். “மாட்டிக்கிட்ட பிறகு எந்த வார்த்தைக்கும் ஒரு கதை சொல்லலாம். நான் எப்படி நம்பறது?” ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். “நீங்க சொல்றது நெஜம்னா, இப்ப என் முன்னாடி புதுசா ஒண்ணு எழுதுங்க. வெட்டு குத்து இல்லாம. விடைய நான் கண்டுபிடிக்கற மாதிரி இருக்கணும்.”

பேனாவைப் பிடித்தார். மனதில் ஒன்றுமே இல்லை. வண்டி நம்பர் பலகையிலும் கடைப் பெயரிலும் தானாக உடைந்து உடைந்து விழுந்த சொற்கள் எல்லாம் எங்கே போயின? தக்காளி என்றால் வெறும் தக்காளி. கரும்பு வெறும் கரும்பு. ஜன்னலுக்கு வெளியே முருகேஷின் குரல் கேட்டது. இந்த ஒரு தாள் காலியாகவே இருந்தால் தன் கதை முடிந்தது என்று நினைத்தார். காசியம்மாளை நினைத்தார். வேர்வை தாள்மேல் சொட்டி ஒரு வட்டம் போட்டது.

நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் தலைப்பை ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். இரண்டாவது தடவை அந்தச் சொல் நடுவில் மெல்ல விட்டுக்கொடுத்தது. நஞ்சப்பன் எழுதினார். கோணல்மாணலாக விழுந்தது எழுத்து. தாளைத் திருப்பி அவரிடம் நீட்டினார்.

‘முடிவில்லாத அறத்தைப் புரிந்துகொள், நம் ஊர்தான் (5).’

ஜெயபிரியா படித்தார். ஏட்டும் எட்டிப் பார்த்தார். “அறம்... அறன்...” என்று ஜெயபிரியா முணுமுணுத்துவிட்டு, “முடிவில்லாதன்னா?” என்று கேட்டார்.

“சொல்லிட்டா கண்டுபிடிச்ச மாதிரி இருக்காதுங்க” என்று நஞ்சப்பன் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன பேசினோம் என்று உறைத்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் கிறுக்கினார். ஐந்து கோடு போட்டார். அறத்துக்கு இன்னொரு சொல்லை எழுதினார். தருமம். கடைசி எழுத்தின்மேல் பேனா ஒரு கணம் நின்றது, அதை அடித்தார். தரும. பிறகு வாக்கியத்தைத் திரும்பப் பார்த்தார். புரிந்துகொள். புரி.

அவர் கை நின்றுவிட்டது. திரும்பிச் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

“தருமபுரி” என்றார் மெதுவாக.

அவர் முகத்தில் வந்த மாற்றத்தை நஞ்சப்பன் அறிவார். ஈரத் துண்டோடு நின்ற அன்று தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். ஜெயபிரியா வரியை இன்னொரு முறை படித்தார். இப்போது விடைக்காக அல்ல. “முடிவில்லாத அறத்தைப் புரிந்துகொள்...” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “நான் என்னவோ பெரிய தத்துவம்னு நெனச்சேன். எழுத்தத்தான் சொல்லியிருக்கீங்க.” பிறகு நீல நோட்டைத் திறந்து, வசந்தி என்றிருந்த பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். “சந்தி. சரிதான்.”

உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். “புதிர் எழுதறவங்க கொல பண்ணமாட்டாங்கன்னு எங்கயும் சொல்லல. ஞாயித்துக்கெழம எங்க இருந்தீங்க?”

“வூட்டுலதாங்க. ராகி அறுப்பு. எட்டு பேரு கூட இருந்தாங்க.” அவர் ஜன்னலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “மேடம், இன்னொண்ணு சொல்லணுங்க. அவங்க வூட்டுக்காரரு இருக்கறப்ப சொல்ல முடியல.” ஓசூர் பஸ்ஸைச் சொன்னார். கையிலிருந்த சூட்டுக் காயத்தைச் சொன்னார். ஜெயபிரியா ஒன்றும் குறுக்கிடாமல் கேட்டார். ஏட்டைப் பார்த்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

“அடிக்கறப்பகூட ஏன் இத அவன்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா அவன் நேரா ஓசூருக்குப் போயிருப்பானுங்க.”

ஜெயபிரியா தலையாட்டினார். நோட்டை வைத்துக்கொண்டார். தினமும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார். வெளியே நின்றவர்களைத் தாண்டி அவரைக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட ஏட்டையே அனுப்பினார்.

அதற்குப் பிறகு வந்த ஆறு நாளும் நஞ்சப்பன் பட்டது ஸ்டேஷனில் பட்டதைவிட அதிகம். முதலாளி, கொஞ்ச நாள் வராதீங்க என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. வீட்டு வாசலில் வண்டி நின்றால் போதும், உள் அறைக்குப் போய்விடுவார். காசியம்மாள் அரிவாளைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ராகி காய வைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் வேறு. அவள் அந்தப் பஸ்ஸில் ஏறவே இல்லை என்றால்? நிஜமாகவே எங்காவது கிடந்தால்? அந்த வரியைத் தான் எழுதியதனால்தான் இப்படி ஆனது என்று ஒரு முட்டாள் நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. கண்ணை மூடினால் ஒரு தெருமுனை வந்தது. கண்ணைத் திறந்துவிடுவார்.

ஏழாம் நாள் கையெழுத்துப் போடப் போனபோது ஜெயபிரியா அவரை உட்காரச் சொன்னார். கூட வந்திருந்த காசியம்மாளையும் உட்காரச் சொன்னார்.

“அந்தப் பொண்ணு உயிரோட இருக்காங்க. ஓசூர்ல அவங்க கூடப் படிச்ச ஒருத்தங்க வூட்டுல. ஒரு கம்பெனி கேண்டீன்ல வேலைக்குச் சேந்துட்டாங்க. நானே போய் பாத்தேன். திரும்பி வர விருப்பமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பத்திரமா இருக்காங்கன்னு மட்டும் அவங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லியாச்சு. எடம் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க.”

நஞ்சப்பன் நாற்காலியிலேயே குனிந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். காசியம்மாள் அவர் முதுகில் கை வைத்தாள்.

மேடையில் மறுபடி வேலைக்குச் சேர இன்னும் பத்து நாள் ஆயிற்று. முருகேஷ் மன்னிப்புக் கேட்கவில்லை. வேறு எடைமேடைக்குப் போக ஆரம்பித்தான். எதிர்க் கடையை வாடகைக்கு எடுத்தவர்கள் பஞ்சர் ஒட்டுகிறார்கள். மண்டியில் இரண்டொருவர் இன்னமும் முதுகுக்குப் பின்னால் தலைவெட்டி என்றுதான் சொல்கிறார்களாம். ஜீப் சத்தம் கேட்டால் அவர் கையில் பேனா இப்போதும் நிற்கிறது. அது போகவில்லை. போகும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

பொங்கலுக்கு வர வேண்டிய கட்டம் மாசியில் வந்தது. தாமதம் ஏன் என்று ஐஸ்வர்யா கேட்டதற்கு, கொஞ்சம் உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால், இருபத்தெட்டையும் வாசலில் உட்கார்ந்து காசியம்மாளுக்குப் படித்துக் காட்டினார். விடை அவளுக்கு வேண்டாம். கேட்கிறவர்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவள் சொன்னால் போதும்.

பத்தொன்பதாவது குறிப்பில் கிணற்றை மூடுவது என்று வந்ததும் அவள் கையைத் தூக்கினாள். “இருங்க இருங்க. யாரு வூட்டுக் கெணத்த மூடறீங்க?”

“எழுத்துதான்.”

“தெரியும். இருந்தாலும் கெணறு வேண்டாம்.”

அவர் அதை அடித்துவிட்டு, வேறு சொல் தேடி யோசிக்க ஆரம்பித்தார்.